பழைய காரில் மீட்டர் லைட் கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாருதி 800-ம் அம்பாசடரும் 2014-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டிகள். பிரீமியர் பத்மினி அதற்கும் முன்னால். ஆனாலும் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் ரோடுகளில் டி.என். 74, டி.என். 75 நம்பரோடு இவை இன்னும் ஓடுகின்றன. கூடவே ஆம்னி, ஜென், இண்டிகா, பழைய சாண்ட்ரோ. எஞ்சினை எல்லாரும் பார்த்துக்கொள்கிறார்கள். டேஷ்போர்டு லைட்டை மட்டும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். கடல் காற்று, வருஷத்தில் இரண்டு மழைக்காலம் என்று இருக்கிற கன்னியாகுமரி மாவட்டத்தில், பல்பைச் சந்தேகிக்கும் முன் எர்த்தையும் (கரண்ட் பாடி வழியாகத் திரும்பும் இணைப்பு) காண்டாக்டையும் சந்தேகிக்க வேண்டும்.

பகலில் எல்லா முள்ளும் ஒழுங்காக வேலை செய்கிறது. ராத்திரி லைட் போட்டால் மீட்டர் முழுக்க இருட்டு. எங்கே ஆரம்பிக்க?

வண்டியை விட்டு இறங்கிப் பின்னால் போய்ப் பாருங்கள். லைட் ஸ்விட்சை முதல் கிளிக் போட்டதும் முன் பார்க் லைட், டெயில் லைட், நம்பர் பிளேட் லைட், மீட்டர் லைட் எல்லாம் சேர்ந்துதான் எரிய வேண்டும். பெரும்பாலான பழைய வண்டிகளில் இவற்றுக்குக் கரண்ட் ஒரே இடத்திலிருந்து போகிறது. டெயில் லைட்டும் அணைந்திருந்தால் டேஷ்போர்டைக் கழற்ற வேண்டாம். கோளாறு ஃப்யூஸிலோ லைட் ஸ்விட்சிலோ இருக்கிறது. சில வண்டிகளில் இடது, வலது டெயில் லைட்டுக்குத் தனித்தனி ஃப்யூஸ். ஒரு பக்கம் மட்டும் அணைந்து, மீட்டரும் அணைந்திருந்தால் அதுவும் ஃப்யூஸ்தான்.

டெயில் லைட் எல்லாம் எரிகிறது, மீட்டர் மட்டும் இருட்டு என்றால் டிம்மர் (மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு), மீட்டர் பின்னால் உள்ள கப்ளர் (ஒயர்களைச் சேர்க்கும் பிளக்), எர்த், பல்பு என்ற வரிசையில் பாருங்கள். மூன்று நான்கு பல்பும் ஒரே ராத்திரியில் ஃப்யூஸ் ஆவது அபூர்வம். ஒவ்வொன்றாகப் போய், கடைசி பல்பு போன அன்றைக்குத்தான் நீங்கள் கவனித்தீர்கள் என்றால் அது வேறு. அதுவும் நடக்கிற விஷயம்தான்.

மீட்டர் இருட்டானதை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்கு முக்கியக் காரணமும் இதுவே. பின்னால் டெயில் லைட் எரியவில்லை என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்து உங்களுக்குச் சொல்லும் ஒரே அறிகுறி அதுவாக இருக்கலாம். களியக்காவிளை ரோட்டில் கல் ஏற்றிய லாரி பின்னால் வரும்போது அந்தத் தகவல் முக்கியம்.

ஃப்யூஸ் பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு. இருந்தும் எரியவில்லையே?

கண்ணால் பார்த்தது போதாது. டெஸ்ட் லாம்பை (கிளிப் ஒயரோடு உள்ள சோதனை பல்பு) எடுத்து, கிளிப்பை பாடியில் மாட்டி, லைட் ஸ்விட்சை ஆன் பண்ணிவிட்டு ஃப்யூஸின் இரண்டு முனையையும் தொட்டுப் பாருங்கள். பிளேடு ஃப்யூஸ் என்றால் அதன் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். பிடுங்காமலே அங்கே தொடலாம். இரண்டிலும் எரிந்தால் ஃப்யூஸ் சரி. ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. இரண்டிலும் இல்லையென்றால் ஃப்யூஸ் வரைக்கும் கரண்டே வரவில்லை, ஸ்விட்சைப் பாருங்கள்.

பத்மினி மாதிரி வண்டிகளில் இரண்டு பக்கமும் கூம்பாக இருக்கும் பீங்கான் ஃப்யூஸ். அங்கே ஃப்யூஸ் போவதைவிட, அதைப் பிடிக்கும் கிளிப்பில் களிம்பு ஏறுவதுதான் அதிகம். ஃப்யூஸை விரலால் ஒரு சுற்று சுற்றினாலே லைட் வந்துவிடும். வந்ததும் மூடியைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள், அடுத்த மழையில் திரும்ப அணையும். ஃப்யூஸை எடுத்துவிட்டு, கிளிப்பின் உள்பக்கத்தை ஜீரோ உப்புத்தாளால் தேய்த்து, தளர்ந்திருந்தால் லேசாக நெருக்கிவிட்டு மாட்டுங்கள்.

புது ஃப்யூஸ் போட்டதும் போய்விடுகிறது. கொஞ்சம் பெரிய ஆம்பியர் போடலாமா அண்ணே?

போடவே கூடாது. கணக்கைப் பாருங்கள். மீட்டர் பல்பு ஒவ்வொன்றும் 1.2 வாட்டிலிருந்து 3 வாட் வரை. நான்கு பல்பு 3 வாட் என்று வைத்தாலும் 12 வாட், அதாவது 1 ஆம்பியர். டெயில், பார்க், நம்பர் பிளேட் எல்லாம் 5 வாட் பல்புகள். அவை ஐந்து சேர்ந்தால் 25 வாட், 2 ஆம்பியர் சொச்சம். ஆக மொத்தமே 3 ஆம்பியர் அளவுதான். 10 ஆம்பியர் ஃப்யூஸ் பொட்டென்று போகிறது என்றால் ஒயர் எங்கேயோ பாடியில் தொடுகிறது என்று அர்த்தம். வீட்டு மெயினில் செய்கிற மாதிரி செம்புக் கம்பியைச் சுற்றிவைத்தால் அப்புறம் ஒயரேதான் ஃப்யூஸ் ஆகும், டேஷ்போர்டுக்கு அடியில் புகையோடு.

முதலில் பார்க்க வேண்டிய இடம் ஸ்டீரியோ. கடையில் ஸ்டீரியோ மாற்றும்போது, ராத்திரியில் அதன் பட்டன்களுக்கு வெளிச்சம் கொடுக்கும் ஒயரை வெட்டி, டேப்கூடச் சுற்றாமல் உள்ளே தள்ளிவிடுகிறார்கள். அது மீட்டர் லைட் லைனோடு சேர்ந்த ஒயர். இரண்டாவது, டிக்கி மூடியின் கீல். திறந்து மூடித் திறந்து மூடி அந்த வளைவில் ஒயரின் தோல் உரிந்திருக்கும். மூன்றாவது, நம்பர் பிளேட் லைட் ஹோல்டர்.

கண்ணில் படவில்லை என்றால் ஒரு பழைய வழி உண்டு. ஃப்யூஸ் இருந்த இடத்தில் இரண்டு ஒயர் எடுத்து, ஒரு 21 வாட் பல்பை இடையில் மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும்வரை அது முழு வெளிச்சத்தில் எரியும். ஸ்டீரியோ கப்ளரைக் கழற்றும்போதோ டிக்கி ஒயரை ஆட்டும்போதோ சட்டென்று மங்கினால் ஷார்ட் அங்கேதான். ஒரு ஃப்யூஸும் வீணாகாது.

மீட்டர் லைட் ரொம்ப மங்கல். சில நாள் வருது, சில நாள் இல்லை.

டிம்மர் இருக்கிற வண்டி என்றால் முதலில் அதைக் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். வண்டி கழுவினவர் கை பட்டோ, குழந்தைகள் விளையாடியோ அது குறைந்த பக்கம் போயிருக்கும். இது சொல்வதற்கே கூச்சமான விஷயம், ஆனால் இதற்காக ஒர்க்‌ஷாப் வரை வருகிறவர்கள் உண்டு.

பழைய டிம்மருக்குள் ஒரு கம்பிச் சுருள், அதன்மேல் நகரும் ஒரு காண்டாக்ட். பல வருஷம் ஒரே இடத்தில் நின்றால் அந்த இடத்தில் களிம்பு பிடிக்கும். இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பலமுறை வேகமாகத் திருப்புங்கள். இடையில் எங்காவது லைட் பளிச்சென்று வந்தால் குற்றவாளி டிம்மர்தான். காண்டாக்ட் கிளீனர் அடித்து இன்னும் பத்து தடவை திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகவில்லையென்றால் டிம்மரை நீக்கி இரண்டு ஒயரையும் நேராக இணைத்துவிடுவது நம்ம ஊர்ப் பழக்கம். லைட் எப்போதும் முழு வெளிச்சத்தில் எரியும், தப்பில்லை. மூன்று ஒயர் உள்ள டிம்மரில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இணைக்காதீர்கள். அதில் ஒன்று எர்த்தாக இருக்கும், இணைத்ததும் ஷார்ட்.

எளிய மாடல்கள் பலவற்றில் டிம்மரே கிடையாது. அப்படிப்பட்ட வண்டியில் மங்கல் என்றால் அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது. பிரேக் மிதித்தால் பெட்ரோல் முள் ஆடுகிறது. பேய் பிடிச்ச மாதிரி இருக்கே?

பேய்க்குப் பெயர் எர்த். பேட்டரியிலிருந்து போன கரண்ட் வேலை முடித்து பாடி வழியாகத் திரும்பி வர வேண்டும். திரும்பும் வழி அடைபட்டால் அது வேறு ஏதாவது பல்பின் வழியாகப் புகுந்து போகப் பார்க்கும், மடை அடைபட்ட வாய்க்காலில் தண்ணீர் பக்கத்து வயலில் ஏறுகிற மாதிரி. ஒன்றைப் போட்டால் சம்பந்தமில்லாத இன்னொன்று ஆடுகிறது, மங்குகிறது, மினுக்குகிறது என்றால் பல்பு வாங்க ஓட வேண்டாம். முன்னால் ஆடினால் மீட்டரின் எர்த், பிரேக் மிதிக்கும்போது பெட்ரோல் முள் ஆடினால் பின்பக்க டெயில் லைட், டேங்க் பக்கத்து எர்த்.

சோதிப்பது எளிது. நீளமான ஒயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ்வில் மாட்டுங்கள். மறுமுனையை மீட்டர் கப்ளரில் உள்ள எர்த் ஒயரில் தொடுங்கள். பெரும்பாலும் கறுப்பு ஒயர், ஆனாலும் ஒயரிங் படம் கிடைத்தால் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டதும் லைட் பளிச்சென்றால் விஷயம் முடிந்தது. மல்டிமீட்டர் இருந்தால் 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, லைட்டை எரியவிட்டு, பேட்டரி நெகட்டிவ்வுக்கும் மீட்டர் எர்த்துக்கும் நடுவே அளந்து பாருங்கள். 0.1, 0.2 வோல்ட் வரை பரவாயில்லை. அரை வோல்ட், 1 வோல்ட் என்று காட்டினால் எர்த் போய்விட்டது.

எர்த் போல்ட் எங்கே இருக்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள தகட்டிலும், கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டிலும் தேடுங்கள். பார்த்தால் போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கும், அதில் ஏமாந்துவிடக் கூடாது. கழற்றி வாஷரைத் திருப்புங்கள்: அடியில் பழுப்புத் துரு ஒரு வட்டமாக ஒட்டியிருக்கும், ஒயர் முனையின் வளையத்தில் பச்சைக் களிம்பு. ஒயரின் தோலை அரை இன்ச் உரித்தால் உள்ளே செம்பு கறுத்திருக்கும். குளச்சல், முட்டம், மண்டைக்காடு, தேங்காய்பட்டணம் என்று கடலைப் பார்த்து நிற்கிற வண்டிகளில் இது ரொம்பச் சகஜம். உப்பு படிந்த தகடு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும், மழை பெய்ய வேண்டியதுகூட இல்லை.

கறுத்த செம்பில் புது லக்கை (ஒயர் முனை வளையத்தை) அமுக்கிப் பிரயோஜனமில்லை. மினுமினுப்பான செம்பு வரும்வரை வெட்டி, புது லக் போட்டு, தகட்டில் பெயிண்டும் துருவும் போய் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் வைத்து இறுக்குங்கள். இறுக்கின பிறகு மேலே வாசலின் தடவுங்கள். வாசலின் இல்லையென்றால் கிரீஸ். துருவின்மேலேயே கிரீஸைத் தடவி இறுக்கினால் துருவைப் பத்திரமாக மூடிவைத்த கணக்குத்தான்.

குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் உப்பு இல்லை, ஆனால் ஈரம் உண்டு. அங்கேயும் இதே வைத்தியம், கொஞ்சம் தாமதமாகத் தேவைப்படும்.

தட்டினால் எரிகிறது. அப்புறம் அணைகிறது.

ஹோல்டரோ கப்ளரோ தளர்ந்திருக்கிறது. மீட்டரின் முதுகில் செம்புக் கோடு போட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று ஒட்டியிருக்கும், அதன்மேல் பல்பு ஹோல்டர் அரைத் திருப்பில் மாட்டும். பழசானால் அந்தச் செம்புக் கோடு கறுக்கும், அல்லது மயிரிழையாக விரியும். பென்சில் அழிக்கிற ரப்பரால் மெதுவாகத் தேய்த்தாலே கறுப்பு போய்விடும். உப்புத்தாள் போட்டால் கோடே போய்விடும். விரிந்த இடத்தில் மெல்லிய ஒயர் வைத்துப் பற்றவைக்கலாம், ஆனால் சூடு ஒரு நொடி கூடினாலும் தாள் உருகும். கைப்பழக்கம் உள்ளவரிடம் கொடுங்கள்.

மீட்டரை நானே கழற்றலாமா?

கழற்றலாம். பேட்டரி நெகட்டிவ்வை எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். பகல் வெயிலில் பிளாஸ்டிக் கொஞ்சம் இளகியிருக்கும்போது செய்தால் கொக்கி உடைவது குறையும். இருபது வருஷப் பிளாஸ்டிக், அவசரப்பட்டால் பிஸ்கட்டுதான். ஸ்பீடோமீட்டர் கேபிள் உள்ள வண்டியில் மீட்டரை முன்னால் இழுக்கும் முன் அதன் பூட்டை அமுக்கி விடுவிக்க வேண்டும். கப்ளர்களைக் கழற்றும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பல்பைக் கடைக்குக் கையோடு எடுத்துப் போய், அதே வாட் கேட்டு வாங்குங்கள். "கொஞ்சம் வெளிச்சமா இருக்கட்டும்" என்று 1.2 வாட் இடத்தில் 3 வாட் போட்டால் ஹோல்டரும் பின்னால் உள்ள தாளும் சூட்டில் வளைந்துவிடும்.

பல்பு மாற்றி மாற்றிப் போடுகிறேன். அடிக்கடி போகிறதே?

எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 13.8-லிருந்து 14.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் சார்ஜ் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. மீட்டர் பல்பு மட்டுமில்லை, ஹெட்லைட்டும் பேட்டரியும் சேர்ந்து போகும். வோல்ட்டேஜ் சரியென்றால் பல்பின் தரம்.

சாவி ஆன் பண்ணும்போது பேட்டரி லைட்டே வருவதில்லை. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. விட்டுவிடலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். மீட்டர் வெளிச்சம் இல்லாவிட்டால் சிரமம், அவ்வளவுதான். சிவப்பு எச்சரிக்கை லைட்டுகள் வராவிட்டால் நடுவழியில் நிற்பீர்கள்.

ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் பண்ணும் கருவி) உள்ள பழைய வண்டிகள் பலவற்றில் அந்தச் சிவப்பு பேட்டரி லைட் வெறும் அறிவிப்பு லைட் கிடையாது. சாவி ஆன் ஆனதும் கரண்ட் அந்தப் பல்பின் வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்குள் போய், அதன் சுழலும் பாகமான ரோட்டரில் முதல் காந்தசக்தியை உண்டாக்குகிறது. எஞ்சின் ஓடி சார்ஜ் வர ஆரம்பித்ததும் பல்பின் இரு பக்கமும் வோல்ட்டேஜ் சமமாகி, பல்பு அணைகிறது. பல்பு ஃப்யூஸ் ஆனால் அந்த முதல் கரண்ட் போகாது. சில வண்டியில் ரேஸ் பண்ணினால் தானாகச் சார்ஜ் பிடித்துக்கொள்ளும், சிலவற்றில் பிடிக்கவே பிடிக்காது. பகலில் தெரியாது. ராத்திரி ஹெட்லைட், வைப்பர், ஃபேன் எல்லாம் போட்டுத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினால் பாறசாலையைத் தாண்டும் முன் ஹெட்லைட் மஞ்சளாகும். பேட்டரிதான் கெட்டுவிட்டது என்று புதுசு வாங்கிப் போட்டவர்களும் உண்டு, அதுவும் சில நாளில் இறங்கியிருக்கும்.

ஆகவே சாவி ஆன், எஞ்சின் ஆஃப் நிலையில் பேட்டரி லைட் எரிந்தே ஆக வேண்டும். எரியாவிட்டால் பல்பு, அதன் ஹோல்டர், ஆல்டர்னேட்டர் பின்னால் உள்ள மெல்லிய ஒயர் என்று மூன்றையும் பாருங்கள். அந்த மெல்லிய ஒயரைக் கழற்றி பாடியில் தொட்டதும் லைட் எரிந்தால் பல்பும் ஒயரும் சரி, ஆல்டர்னேட்டருக்குள்தான் கோளாறு. ரொம்பப் பழைய அம்பாசடரில் டைனமோ இருந்தால் கதை வேறு, அங்கே அந்த லைட் அறிவிப்புக்கு மட்டும்.

ஓடும்போது பேட்டரி லைட் லேசாக, மின்மினி அளவுக்கு எரிகிறது. ராத்திரி மட்டும்தான் தெரிகிறது.

ஃபேன் பெல்ட்டை விரலால் அமுக்கிப் பாருங்கள், தொளதொளவென்று இருந்தால் இறுக்குங்கள். பெல்ட் சரியென்றால் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு வரும் தடித்த ஒயரின் முனையில் களிம்பு, அல்லது உள்ளே டயோடு ஒன்று போயிருக்கலாம். ஹெட்லைட், ஃபேன் என்று ஒவ்வொன்றாகப் போடப் போட அந்த வெளிச்சம் கூடினால் ஒயர் முனையை முதலில் சுத்தம் பண்ணுங்கள்.

ஆயில் லைட் சிக்னலில் நிற்கும்போது மினுக்குகிறது. பல்பு லூசா?

பல்பு லூசாக இருந்தால் அணையும், எஞ்சின் ஆஃபில் எரிய வேண்டியபோது எரியாது. தானாக எரிவது வேறு விஷயம். எஞ்சினை நிறுத்தி, ஆயில் அளவுக் கம்பியை எடுத்துப் பாருங்கள். ஆயில் குறைவு என்றால் ஊற்றுங்கள். ஆயில் அளவு சரியாக இருந்தும் மினுக்கினால், ஆயில் பிரஷர் ஸ்விட்ச் கெட்டிருக்கலாம், அல்லது உண்மையாகவே பிரஷர் இல்லாமல் இருக்கலாம். ஸ்விட்ச் விலை குறைவு என்பதற்காக அதை மட்டும் மாற்றிவிட்டு நம்பி ஓட்டாதீர்கள். பிரஷர் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஓடும்போது லைட் மினுக்காமல் நிலையாக எரிந்தால் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். அடுத்த ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிவிடலாம் என்பது எஞ்சினை மறுபடி கட்டுகிற செலவு.

பெட்ரோல் முள், சூடு முள் இரண்டும் சேர்ந்து எகிறி நிற்கின்றன.

ஒன்று மட்டும் தப்பு காட்டினால் அதன் சென்சார். இரண்டும் சேர்ந்து தப்பு காட்டினால் இரண்டுக்கும் பொதுவானதைப் பாருங்கள்: மீட்டர் எர்த், அல்லது மீட்டர் பின்னால் உள்ள சின்ன வோல்ட்டேஜ் ஸ்டெபிலைசர். பழைய வண்டிகளில் அது தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு தகர டப்பி. அதற்கும் எர்த் வேண்டும். டப்பியின் எர்த் விட்டுப்போனாலே முள் எகிறும்.

எல்.இ.டி. மாற்றிவிடலாமா? எல்லாரும் போடுகிறார்களே.

வெளிச்சத்துக்கான பல்புகளுக்குப் போடலாம். எல்.இ.டி.க்குத் திசை உண்டு; மாட்டி எரியவில்லையென்றால் கழற்றித் திருப்பி மாட்டுங்கள், கெட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். நேராக முன்னால் மட்டும் வெளிச்சம் அடிக்கும் வகை வாங்கினால் மீட்டரில் ஒரு இடம் பளிச், மற்ற இடம் இருட்டு. பக்கவாட்டிலும் சிப் உள்ளதாகப் பாருங்கள். பழைய கம்பிச் சுருள் டிம்மரோடு எல்.இ.டி. சரியாக மங்காது. நீல எல்.இ.டி. வேண்டாம் என்பது என் கருத்து. கண்ணாடியில் பிரதிபலித்து, ஆரல்வாய்மொழி தாண்டி இருட்டில் போகும்போது கண்ணை உறுத்தும்.

எச்சரிக்கை லைட்டுகளில் மட்டும் எல்.இ.டி. வேண்டவே வேண்டாம், பேட்டரி லைட்டில் குறிப்பாக. மேலே சொன்ன அந்த முதல் கரண்ட் எல்.இ.டி. வழியாகப் போதுமான அளவு போகாது. இண்டிகேட்டருக்கு இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பச்சை லைட் உள்ள வண்டியிலும் போடாதீர்கள். அங்கே இடது போட்டால் கரண்ட் ஒரு பக்கமாகவும், வலது போட்டால் எதிர்ப்பக்கமாகவும் போகும். எல்.இ.டி. ஒரு பக்கத்துக்கு மட்டும் எரியும்.

மழை பெய்தால் மட்டும் கோளாறு. வெயில் அடித்தால் சரியாகிவிடுகிறது.

முன் கண்ணாடியின் ரப்பர் பீடிங்கைப் பாருங்கள். ஒருவர் வெளியே ஹோஸால் தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் உள்ளே டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் சொட்டும் இடம் தெரிந்துவிடும். ஆனி ஆடிச் சாரலில் தப்பினாலும் ஐப்பசி மழையில் மாட்டுவீர்கள். ஒழுகலை அடைக்காமல் ஃப்யூஸ் பாக்ஸைச் சுத்தம் பண்ணிக்கொண்டே இருப்பது வீண் வேலை. 2021 நவம்பர் வெள்ளத்தில் தரை கார்ப்பெட் வரை தண்ணீர் ஏறின வண்டிகளில், கால் வைக்கும் பக்கத்தில் உள்ள கப்ளர்களுக்குள் இன்னும் களிம்பு இருக்கலாம். ஒவ்வொன்றாகக் கழற்றி, காண்டாக்ட் கிளீனர் அடித்து மாட்டுங்கள்.

ரப்பர் தோட்டத்துக்குள் வீடு. எலி ஒயரைக் கடித்துவிட்டது.

குளோவ் பாக்ஸைக் கழற்றினால் கூடு தெரியும், அதற்கு முன்பே வாடை தெரியும். மரச்சீனியும் நேந்திரம் பழமும் ஏற்றி வருகிற வண்டி என்றால் இறக்கின அன்றே உள்ளே பெருக்கிவிடுங்கள். கடித்த ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது ஒரு கோடைக்குத்தான் தாங்கும்; சூட்டில் பசை இளகி டேப் அவிழ்ந்துவிடும். பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடச் சொல்லுங்கள்.

ஆர்.சி. புதுப்பிக்கப் போகிறேன். மீட்டர் லைட் பார்ப்பார்களா?

கார் ஆர்.சி. 15 வருஷம், அப்புறம் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். டெயில் லைட், நம்பர் பிளேட் லைட், இண்டிகேட்டர் எதுவும் எரியாமல் போய் நிற்காதீர்கள். மீட்டர் லைட் ஏன் இருட்டு என்று நீங்கள் தேடினாலே இவை பாதி சரியாகிவிடும்.

பழைய கார் வாங்கப் பார்க்கிறேன். டேஷ்போர்டில் எதைக் கவனிக்க?

எஞ்சினைச் சூடாக்கி ஓட்டிக் காட்டும் முன், சாவியை ஆன் பண்ணி நிறுத்தச் சொல்லுங்கள். பேட்டரி, ஆயில், செக் எஞ்சின் இருக்கிற வண்டியில் அது, எல்லாம் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி ஆனில் ஏதாவது ஒன்று எரியவில்லையென்றால் பல்பு போயிருக்கலாம், அல்லது கோளாறை மறைக்கப் பல்பைக் கழற்றியிருக்கலாம். இரண்டில் எது என்று தெரியும்வரை விலை பேசாதீர்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்து அதன் லைட்டையும் பாருங்கள். பகலில் பார்க்கப் போனாலும் பார்க் லைட் போட்டு, மீட்டரைக் கையால் மறைத்து உள்ளே வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள்.

எலக்ட்ரீஷியனிடம் போனால் என்ன சொல்ல?

"மீட்டர் லைட் எரியலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். டெயில் லைட் எரிகிறதா, இண்டிகேட்டர் போட்டால் மாறுகிறதா, மழையில் மட்டுமா, தட்டினால் வருகிறதா, கடைசியாக வண்டியில் என்ன வேலை பார்த்தீர்கள் (ஸ்டீரியோ, ரிவர்ஸ் கேமரா, அலாரம் எதுவானாலும்) என்று சொல்லுங்கள். தேடுகிற நேரத்துக்குத்தான் கூலி. மீட்டரைக் கழற்றத்தான் வேண்டும் என்றால் போன பல்பை மட்டும் மாற்றாமல் எல்லாப் பல்பையும் அப்போதே மாற்றச் சொல்லிவிடுங்கள். பல்பு விலை சில்லறை, கழற்றி மாட்டும் கூலிதான் காசு.